முதல் வாய்

எங்கள் ஊரில் சேவல் கூவுவதற்கு முன்னால் கொபினா கூவிவிடுவான். ஆள் அந்த நேரத்தில் கரையிலிருந்து வெகு தூரம் தள்ளி வலை வளைத்துக்கொண்டிருப்பான். குரல் மட்டும் தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் கூம்பிலிருந்து வரும்.

"நான் பைத்தியமா இருந்தவன். செவ்வாய்க்கிழமை கடல்ல தோணி தள்ளினவன். உங்க எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு என்னப் பாருங்க. ஏழு வேர் மருந்து குடிச்சேன், எழுந்து நின்னுட்டேன்."

பின்னாலேயே ஒரு மேளச் சத்தம். அப்புறம் வேனில் மருந்து விற்றுக்கொண்டு, தனக்குத்தானே டாக்டர் பட்டம் கட்டிக்கொண்ட வேன்காரனின் சிரிப்பு. அப்புறம் யார் வீட்டில் சாவு, யார் ஆடு காணவில்லை என்கிற அறிவிப்புகள். சாயங்காலம் மறுபடி கொபினா. ஈஸ்டரிலிருந்து ஆகஸ்டு வரைக்கும் ஒரு நாள் விடாமல் இதைக் கேட்டேன்.  அவன் குடித்த மருந்துப் புட்டிக்குள் உண்மையில் என்ன இருந்தது என்று ஊரிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி கொபினாவின் பெண்டாட்டி மன்ஸா. இன்னொருத்தி நான்.

மன்ஸாவும் நானும் ஒரே கொட்டகையில் புகைமூட்டி மீன் வாட்டுகிறவர்கள். அவளுக்கு இரண்டு மண் அடுப்பு, எனக்கு இரண்டு. ஆகஸ்டு வந்தால் சாளை மீன் கரையை அடைத்துக்கொண்டு வரும். அதே மாதத்தில்தான் வெயில் தலைகாட்டாது, கடல் பக்கம் மூட்டமாகவே இருக்கும், விறகு ஈரம் சொட்டும். தட்டுகளில் மீனை வரிசையாக அடுக்கி, பத்துத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கீழ்த் தட்டு கருகுவதற்குள் மேலே மாற்றி, மேலே இருப்பதைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வழியும். அதனால் எங்கள் கொட்டகையில் யாராவது அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கொபினா பெரிய தோணியில் சுக்கான் பிடிக்கிறவன். நல்ல மனிதன், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது நாள் தூங்காமல் பேசிக்கொண்டே திரிந்தான். மூன்று தோணி வாங்கப் போகிறேன் என்றான், ஊருக்கே சாப்பாடு போடுகிறேன் என்றான். பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் எங்கள் கடலுக்கு ஓய்வு நாள், ஒரு கட்டையைக்கூட யாரும் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். எல்லோரும் மணலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருக்க, இவன் பாடிக்கொண்டே சின்னத் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். கரைத் தலைவர் ஒரு செம்மறியும் சாராயமும் தண்டம் போட்டார். அதற்கப்புறம் அவன் சுருண்டு போனான். இரண்டு மாதம் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். ஒரு நாள் வலை வைக்கும் பரணில் கயிற்றில் தொங்கினான். மீன் அறுக்கும் கத்தியோடு ஓடிப் போய் அறுத்து இறக்கியவள் மன்ஸா. கழுத்தில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. காலர் வைத்த சட்டை போட்டு மறைத்துக்கொள்வான்.

சுகாதார நிலையத்தின் கடைசி அறையில் டோன்டோ நர்ஸ் வியாழக்கிழமைதோறும் இந்த மாதிரி நோவுக்கு மாத்திரை கொடுப்பாள். மாத்திரை அவனை நிமிர்த்தியது. மூன்று வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டான். ஆனால் அந்த அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சு தெருவைப் பார்த்து இருக்கிறது. அதில் உட்கார்ந்தவன் யார் என்று சாயங்காலத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். கை நடுங்குகிறது, சுக்கான் திருப்ப நேரமாகிறது என்று தோணிக்காரர்கள் அவனை மாத்திரைக்காரா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம் அவனுடைய அக்கா அட்வோவா இருக்கிறாளே, அவள்தான் ஊரில் ஏழு வேர் புட்டி விற்பவள். எங்களில் ஆண்பிள்ளை அம்மா வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். பெண்டாட்டி பேச்சு படி ஏறாது, அக்கா பேச்சு ஏறும். நம்ம குடும்பத்தில் பைத்தியம் கிடையாது, உனக்கு இருப்பது ரத்தச் சூடு, புட்டி குடித்தால் போய்விடும் என்று அவள் சொன்னாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவளும் முட்டி வலிக்கு அதைத்தான் குடிக்கிறாள். புட்டியை நடுவீட்டில் வைக்கலாம், விருந்தாளி பார்த்தாலும் குறைச்சல் இல்லை. மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளிக்க வேண்டியிருந்தது. வேன் வந்ததற்கு முந்தின ஆகஸ்டில் அவன் மாத்திரையை எல்லாம் உப்பங்கழியில் வீசிவிட்டு வந்தான்.

மூன்று வாரம் போயிற்று. அவன் கண் பளபளக்க ஆரம்பித்தது. மூன்று தோணி பேச்சு மறுபடியும் வந்தது. மன்ஸா அவனுக்குத் தெரியாமல் நர்ஸிடம் போய் அவன் பெயரில் மாத்திரை வாங்கி வந்தாள். மிளகாய் அரைக்கும் மண் கிண்ணத்தில் பொடியாக்கி, காகிதத்தை மடித்து, புட்டிக்குள் கொட்டிக் குலுக்கி வைத்தாள். கசப்போடு கசப்பு, யாருக்குத் தெரியும்? எட்டாம் நாள் அவன் தூங்கினான். அன்றைக்குப் புகைக்குள் நின்றுகொண்டு அவள் இதை என்னிடம் சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நல்ல வேலை செய்தாய் என்று முதுகில் தட்டினேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஈஸ்டருக்கு வேன் வந்தது. தேவாலயத்திலிருந்து அட்வோவா அவனை நேராக மைக் முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். மன்ஸா சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்றாள். என்னைப் பற்றிச் சொல்ல உனக்கு வெட்கமா என்று அவன் கேட்டான். அவள் சட்டையை விட்டுவிட்டாள். அவன் குரல் நல்ல கணீர்க் குரல். அன்று பதிவு செய்ததைத்தான் கூம்பு கூவிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஹன்னா எங்கள் கொட்டகைக்கு வந்தாள். கரையின் அந்தக் கோடியில் ரொட்டி சுடுகிறவள். முழங்கை வரை மாவு அப்படியே இருந்தது. அவள் மகள் குகுவாவுக்கு இருபது வயது, தையல் கற்றுக்கொண்டிருந்தாள். அவளும் டோன்டோ நர்ஸின் பெஞ்சுக்காரிதான்.

"மன்ஸா, உன் புருஷனுக்கு எத்தன புட்டில சரியாச்சு? நாலு முடிஞ்சுது, அஞ்சாவது உடைச்சிருக்கேன். பொண்ணு தூங்கிப் பதினோரு நாளாச்சு. நேத்து என் மாவு மூட்டைய அவுத்துத் தெருவுல போறவங்களுக்கெல்லாம் வாரிக் குடுத்துட்டா. ஏன்டீன்னா சிரிக்கிறா."

மன்ஸா கையிலிருந்த தட்டை இறக்கி வைத்தாள். "மாத்திரைய நிறுத்தாதீங்க அக்கா. ரெண்டையும் குடுங்க."

"ரெண்டையும் சேத்தா விஷம்னு வேன்ல அந்த டாக்டர் சொன்னாரே. உன் புருஷன் சேத்தா குடிச்சான்? அவன் சொன்னதக் கேட்டுத்தான நான் நிறுத்தினேன்."

அட்வோவா அங்கேதான் தன் புட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்து, புளித்த சோளமாவில் அவித்த கென்கே உருண்டையைத் தின்றுகொண்டிருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "என் தம்பி மாத்திரையத் தொட்டு ஒரு வருஷமாச்சு. இந்தா, பொண்டாட்டியே நிக்கிறாளே, அவ வாயாலயே கேளு," என்றாள்.

ஹன்னா மன்ஸாவைப் பார்த்தாள். அட்வோவாவும் பார்த்தாள். மன்ஸா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, திருப்ப வேண்டிய அவசியமே இல்லாத ஒரு தட்டைத் திருப்பினேன்.

"ஆமா," என்றாள் மன்ஸா.

அந்த ஒரு வார்த்தைதான். ஹன்னா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, இன்னும் இரண்டு புட்டி வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொபினா புட்டியையும் விட்டுவிடுவான், மாத்திரையையும் விட்டுவிடுவான், மறுபடி பரண், மறுபடி கயிறு. அவளுடைய பயம் எனக்குத் தெரியும். எனக்கு என்ன பயம்? ஒன்றும் இல்லை. ஊர் வம்பு எதற்கு என்று இருந்தேன், அவ்வளவுதான். அது பயத்தைவிடக் கேவலம்.

திங்கட்கிழமை தோணிகள் கரை ஏறும் நேரம். குகுவா திருநாளுக்கு உடுத்தும் துணியை உடுத்திக்கொண்டு வந்தாள். மீனை எல்லாம் நானே கூப்பிட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக்கொண்டே அலைக்குள் நடந்தாள். கூடையோடு நின்ற பெண்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். மூன்றாவது அலை அவளை உருட்டியபோதுதான் சிரிப்பு நின்றது. கொபினா சுக்கானை விட்டுவிட்டுத் தோணியின் பின்பக்கமிருந்து குதித்தான். இரண்டு முறை முங்கி, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மணலில் கிடத்தினான்.

ஹன்னா ஓடி வந்து மகளைப் பார்க்காமல் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உன்னைக் குணப்படுத்தின மருந்து என் பிள்ளையையும் குணப்படுத்தட்டும் என்று அழுதாள். குறைச்சலாகக் கொடுத்திருக்கிறாய், இனிமேல் இரண்டு பங்காகக் கொடு என்று அட்வோவா சொன்னாள். சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து ஒரு புதுப் புட்டியை எடுத்து நீட்டினாள். கொபினா அதைத் திறந்து, அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூடியில் ஊற்றி அவள் வாயில் புகட்டினான்.

"குடி தங்கச்சி. நானும் இப்படித்தான் இருந்தேன். பொறுமையா குடி."

எவ்வளவு அன்பாகச் சொன்னான் தெரியுமா. மன்ஸா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, அது வெறும் வேர்த் தண்ணி. அவர் கையாலயே குடுக்குறார்," என்றாள். அன்று அவள் இரண்டு தட்டு மீனைக் கருகவிட்டாள்.

மறுநாள் செவ்வாய். ஆண்கள் எல்லோரும் மணலில் வரிசையாக உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். மன்ஸா முகம் கழுவி, தலைத்துணி கட்டிக்கொண்டு, கூம்புக்காரன் ஃபிஃபியின் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மீன் விலை அறிவிக்க வேண்டும் என்றாள். ஃபிஃபி அறிவிப்புக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு மைக்கைக் கொடுத்துவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"நான் மன்ஸா பேசுறேன். கொபினாவோட பொண்டாட்டி. என் புருஷன் ஏழு வேர்ல குணமாகல. அந்தப் புட்டிக்குள்ள நர்ஸ் குடுத்த மாத்திரைய நான்தான் அரைச்சுப் போட்டேன். ஒரு வருஷமாப் போடுறேன். அவருக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லல, நான்தான் அவரப் பொய் சொல்ல வெச்சேன்."

ஃபிஃபி வயரைப் பிடுங்க எழுந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். முப்பது வருஷம் விறகு பிளந்த கை இது. உட்கார் என்றேன், உட்கார்ந்தான்.

"ஹன்னாக்கா, சனிக்கிழமை உங்ககிட்ட நான் சொன்னது பொய். குகுவாவ இப்பவே நர்ஸ்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வேற யாராச்சும் மாத்திரைய நிறுத்தியிருந்தா நீங்களும் போங்க. என்னத் திட்டிக்கிட்டே போங்க. ஆனா போங்க."

வெளியே வந்தோம். கரையில் ஒரு வலை ஊசிகூட அசையவில்லை. ஹன்னா ரொட்டி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துப் பக்கம் போவது தெரிந்தது. போகிற போக்கில் எங்களைப் பார்த்து மண்ணில் துப்பினாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

நாங்கள் கொட்டகைக்குத் திரும்புவதற்குள் கொபினா வந்துவிட்டான். கையில் வலை ஊசி அப்படியே இருந்தது.

"எந்தக் கிண்ணத்துல அரைச்ச?"

மன்ஸா மிளகாய்க் கிண்ணத்தைக் காட்டினாள். அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். உடைப்பான் என்று நினைத்தேன். மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஒரு வருஷம். நான் குடிக்கிறப்ப எல்லாம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்த. நல்லாயிட்டேன்னு சொன்னப்ப தலைய ஆட்டின. நேத்து அந்தப் பொண்ணு வாயில நான் ஊத்தினேன்டி. என் கையால ஊத்தினேன். அதையும் பாத்துக்கிட்டு நின்ன."

"நின்னேன்."

"என்ன முட்டாளாக்கிட்ட."

"உசிரோட வெச்சேன்." மன்ஸா குரல் உயரவில்லை.  "உப்பங்கழில வீசினப்ப என்னக் கேட்டீங்களா? அன்னைக்குக் கயித்த அறுத்தது யாரு? உங்க அக்காவா? வேன்காரனா? உங்க கனம் முழுக்க என் தோள்ல விழுந்துச்சு. அத இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது. நான் வேற என்ன செஞ்சிருக்கணும், சொல்லுங்க."

"சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா குடிச்சிருப்பீங்களா?"

 "மாட்டேன்," என்றான்.

அதற்குள் அட்வோவா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். புருஷன் வாயில் களவாக மருந்து வைத்தவள் நாளை விஷமும் வைப்பாள், குடும்பத்தைக் கூட்டு, வழக்கப்படி பெண் வீட்டுக்குச் சாராயம் கொடுத்துக் கல்யாணத்தை அறுத்துவிடலாம் என்று கத்தினாள். கொபினா அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, புட்டில மருந்து இல்லேன்னா நீ எங்களுக்கெல்லாம் என்ன வித்த?"

"நானும்தானடா குடிக்கிறேன். என் முட்டிக்கு..."

"உன் முட்டி உன்னக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளாது."

 அவன் நேரே ஃபிஃபியின் அறைக்குப் போய், என் குரலை நிறுத்து என்றான். வேன்காரன் வருஷக் கடைசி வரை பேசி முடித்துவிட்டான், நிறுத்த முடியாது என்றான் ஃபிஃபி. கொபினா தென்னை மரத்தில் ஏறி, வலை அறுக்கும் கத்தியால் வயரை அறுத்துக் கீழே போட்டான். ஊரே பார்த்தது. எங்கள் ஊரில் அந்தக் குரல் அன்றோடு நின்றது. வேன் மட்டும் நிற்கவில்லை. கிழக்கே உள்ள கரைகளில் கொபினா இன்னமும் குணமாகிக்கொண்டிருக்கிறான் என்று மீன் வாங்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த டாக்டரை நான் எங்காவது பார்த்தால் சாத்துவதற்கென்று, என் அடுப்பு விறகில் ஈரமில்லாததாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து கொபினா மன்ஸாவின் கையால் சாப்பிடவில்லை. தெருவில் கென்கே வாங்கித் தோணி நிழலில் உட்கார்ந்து தின்றான். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி சமைத்ததைப் புருஷன் தொடாவிட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: கல்யாணம் முறிந்தது. அட்வோவா அதற்கான சாராயப் புட்டியை வாங்கி வைத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். மன்ஸா தினமும் சமைத்து வைத்தாள், மூடிய பாத்திரம் மூடியபடியே இருந்தது.

வியாழக்கிழமை அவன் டோன்டோ நர்ஸின் பெஞ்சில் தெருப்பக்கக் கோடியில் போய் உட்கார்ந்தான். காலர் இல்லாத பனியனோடு. கழுத்துத் தடத்தை அன்றுதான் ஊர் முழுக்கப் பார்த்தது. அவனுக்குப் பக்கத்தில் ஹன்னா, அவளுக்கும் பக்கத்தில் குகுவா. நர்ஸ் போட்ட ஊசியில் அந்தப் பெண் இரண்டு நாள் தூங்கி எழுந்திருந்தாள். முகம் வீங்கி, நாக்கு தடித்து, ஆனால் உயிரோடு இருந்தாள்.

நர்ஸ் முதலில் கொபினாவைத்தான் பிடித்தாள். கை நடுங்கினால் என்னிடம் வந்து சொல்வதற்கு என்ன, அளவை மாற்றியிருப்பேனே என்றாள். அப்புறம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்ற மன்ஸாவைப் பார்த்தாள்.

"அந்தப் புட்டில என்ன இருக்குன்னு படிச்ச எனக்கே தெரியாது. அதுல கலந்து ஒரு வருஷம் குடுத்திருக்க. ஒரு நாள் கூடிப் போயிருந்தா? அவன் ஈரல் கெட்டிருந்தா? நாலு வருஷமா உன்ன எனக்குத் தெரியும், என்கிட்டயாவது வாயத் திறந்தியா?"

 நர்ஸ் கொபினாவின் ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மன்ஸா பாத்திரத்தைப் பெஞ்சில் புருஷன் பக்கத்தில் வைத்தாள். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குகுவாவுக்குப் பசி போல. கை நீட்டி மூடியைத் திறந்தாள். கென்கே, அரைத்த மிளகாய், நாங்கள் வாட்டிய சாளை. வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். மோந்து பார்த்தாள். தடித்த நாக்கோடு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இதுல ஏதாச்சும் கலந்திருக்கா?"

குத்திக் காட்ட அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.  மன்ஸாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எந்தப் புகையும் அவளை அப்படி ஆக்கியதில்லை.

எங்கள் ஊரில் கள் ஊற்றுகிறவன் முதல் வாயைத் தான் குடித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவனுக்குக் கொடுப்பான். உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது கள்ளுக்கு, அந்நியனுக்கு. புருஷனுக்குச் சோறு போடுகிறவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

மன்ஸா மண்ணில் மண்டியிட்டாள். கென்கேயில் ஒரு விள்ளல் கிள்ளி, மிளகாயில் தோய்த்து, மீனைப் பிய்த்துச் சேர்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். மூன்றிலிருந்தும் எடுத்தாளா என்று குகுவா கவனமாகப் பார்த்துவிட்டு, அப்புறம் சாப்பிட்டாள். கொபினா திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் ஒரு விள்ளல் எடுத்தான்.

அட்வோவா வாங்கிய சாராயம் பிரிக்கப்படாமலே கிடக்கிறது. மன்னித்தானா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். மறுபடி அவள் கையால் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். இன்றைக்கும் ஒவ்வொரு வேளையும் முதல் வாய் மன்ஸாவுடையது. அவள் விழுங்கும் வரை அவன் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அவளிடம் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்வான். அது இறங்கும் வரை அவள் அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.